குதிகால் களிம்பு

என் மச்சானின் கழுத்தைப் பொசுக்கியது வெயில்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வெயில் வாயில்லா ஜீவன். பழியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. பொசுக்கியது நான்.

எங்களுக்கு மொட்டை மாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கிற தொழில். சாதாரண வெள்ளை இல்லை, சூட்டை வந்த வழியே திருப்பி அனுப்புகிற வெள்ளை. கோடை பிறந்துவிட்டால் எங்களைக் கையில் பிடிக்க முடியாது. எங்களை என்றால் இரண்டே பேர். நானும் என் மனைவியின் தம்பியும். நான் பேசி வேலையைப் பிடிப்பேன், அவன் ரோலரைப் பிடிப்பான். யாருக்கு எது வருமோ அது.

இந்த வேலையில் முதல் கோட் அடிப்பது பெரிய காரியமில்லை. இரண்டாவது கோட்தான் வில்லன். தரை ஏற்கெனவே வெள்ளையாக இருக்கும். மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில். தொப்பி மேலே இருந்து வருவதைத்தான் மறைக்கும். தாடைக்கு அடியில், காது மடலுக்குப் பின்னால், மூக்குத் துவாரத்துக்கு உள்ளே கூட வெந்துபோகும். அதனால் இரண்டாவது கோட்டைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். இந்த விதியைப் போட்டதே நான்தான்.

மச்சான் விதியோடு நிற்கமாட்டான். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொள்வான். பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து, அதிலிருக்கும் வெயில் க்ரீமை இரண்டு விரலால் வழித்து, தாடைக்கு அடியில், கழுத்தில், காதுக்குப் பின்னால், புறங்கையில் என்று இண்டு இடுக்கு விடாமல் பூசுவான். அவன் பூசி முடிப்பதற்குள் நான் ஒரு பீடியை முடித்துவிடுவேன்.

“என்ன ஹீரோ, மேக்கப் ஆச்சா? ஷூட்டிங் ஆரம்பிக்கலாமா?” என்பேன்.

“ஆச்சு மாமா” என்று சிரிப்பான். ரசிக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஆளுக்கொரு பெயர் வைக்காவிட்டால் சோறு இறங்காது. பெயிண்ட் கடைக்காரருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். என் மனைவிக்கு ‘மேலிடம்’. அவளுக்கு நேராக அந்தப் பெயரைச் சொன்னதில்லை. தைரியம் வேறு, நகைச்சுவை உணர்வு வேறு.

அன்று ஒரு பெரிய மாடியில் இரண்டாவது கோட். மச்சான் கீழே வாளிகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் பை என் பக்கத்தில் கிடந்தது. என் பையில் குதிகால் வெடிப்புக்குப் போடுகிற களிம்பு இருந்தது. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அவனுடைய க்ரீமைச் சுத்தமான ஒரு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, அவன் டப்பாவில் களிம்பை அமுக்கி நிரப்பினேன். அவன் பூசி முடித்ததும், “மாப்ள, இனி உன் மூஞ்சியில வெடிப்பே வராது” என்று சொல்வதாகத் திட்டம். அவ்வளவுதான் தமாஷ். பத்து நிமிஷ ஆயுசு.

அவன் பூசினான். நான் சொல்லவில்லை. ஏனென்றால் சிரிக்க ஆள் இல்லை. வீட்டுக்காரம்மா மாடிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு ஆளாவது இருந்தால்தானே தமாஷ் எடுபடும் என்று காத்திருந்தேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

‘நாளைக்கு’ வழக்கம்போல் டின்களைத் தாமதமாக அனுப்பினார். டின் வந்து சேரும்போது மணி ஒன்பதரை.

“நாளைக்குக் காலைல வச்சுக்கலாமா மாமா? வெயில் ஏறிடுச்சு” என்றான் மச்சான்.

“ரெண்டு மணி நேர வேலை. ஹீரோ கறுத்துடுவாரா?”

அவன் ரோலரை எடுத்துக்கொண்டு மேலே போனான். நான் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து பெயிண்ட் கலக்கினேன். கலக்குவதும் முக்கியமான வேலைதான் என்று அன்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்காரம்மா வந்தார். வந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒழுகுகிற கதையை ஆரம்பித்தார். கதை முடிவதற்குள் அவருக்கு போன் வந்தது, போய்விட்டார். பதினோரு மணிக்கு மச்சான் நிழலுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்து, டப்பாவைத் திறந்து மறுபடியும் பூசினான்.

“க்ரீம் இன்னைக்கு என்னமோ பிசுபிசுன்னு இருக்கு மாமா. சூட்டுல இளகிடுச்சு போல.”

“இருக்கும்” என்றேன்.

அதுவரை வாழ்நாளில் நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னதில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றவனிடம் அதைச் சொன்னால் அது தமாஷாக இருக்காது என்று தெரிந்துவிட்டது. தமாஷ் இல்லாத ஒன்றைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஒரு மணிக்கு வேலை முடிந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். தாடைக்கு அடியில் செங்கல் நிறம். அவன் குழாயடியில் கை கழுவப் போன நேரத்தில், களிம்பை வழித்தெடுத்துவிட்டு, அவனுடைய க்ரீமைத் திரும்ப அதே டப்பாவில் நிரப்பி, விளிம்பைத் துடைத்து, மூடினேன். ஒரு வேலையை அவ்வளவு சுத்தமாக நான் செய்ததே இல்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் அக்கா குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. அவன் கழுத்தைப் பொத்தான் இல்லாமல் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தாடைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பின்கழுத்தில் இன்னொன்று. தோலில் நிறமே இல்லை. கொப்புளங்கள் எல்லாம் அந்தத் திட்டுகளின் மேல்தான்.

“இது என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல மாமா” என்றான்.

மனைவி துணியோடு சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போய்க் கேட்டேன்.

“மூணு வருஷமா இருக்கு. அந்த இடத்துல வெயில் படவே கூடாதாம். அதுக்குத்தான் அந்த க்ரீம், முழுக்கைச் சட்டை எல்லாம்.”

“மூணு வருஷமா? எனக்கு ஏன் யாரும் சொல்லல?”

அவள் குழாயைத் திறந்து துணியை அலச ஆரம்பித்தாள். “அவனையே கேளுங்க” என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

கேட்டேன். “சொல்லணும்னு தோணல மாமா, விடுங்க” என்றான்.

ஏன் மறைத்தான் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையே இல்லை. கூடத்தில் அந்தத் திட்டைப் பார்த்த அந்த நொடியில், அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதே, என் மனசில் அதற்கு ஒரு பெயர் தோன்றிவிட்டது. நல்ல பெயர், கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் அதைச் சொல்லவில்லை, சாகிறவரை சொல்லவும் மாட்டேன். ஆனால் தோன்றியதே. மூன்று வருஷமாக அவன் பொத்தானை மாட்டிக்கொண்டு திரிந்தது வெயிலுக்காக மட்டுமில்லை.

மூன்றாம் நாள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவன் வழக்கமாகக் காட்டுகிற தோல் டாக்டரிடம் போனேன். போகிற வழியெல்லாம் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் உள்ளே போனது.

டாக்டரம்மா விளக்கை இழுத்துவைத்துக் கழுத்தைப் பார்த்தார்.

“கொப்புளத்த யாராவது உடைச்சீங்களா?”

“இல்ல டாக்டர். ஈரத்துணி மட்டும்தான் போட்டோம்.”

“அது சரி. க்ரீம் போட்டீங்களா இல்லையா, உண்மையச் சொல்லுங்க.”

“போட்டேன் டாக்டர். ஏறும்போது ஒரு தடவ, நடுவுல தொடச்சிட்டு ஒரு தடவ. நீங்க சொன்ன மாதிரி, ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து.”

“டப்பா இருக்கா?”

அவன் எடுத்துக் கொடுத்தான். டாக்டரம்மா திறந்து, விரலில் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தார். தேதியைப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. இருக்காதா பின்னே, நிரப்பியவன் நானாயிற்றே.

“மருந்து நல்லாத்தான் இருக்கு” என்றார். “ஒழுங்காப் போட்டும் இவ்வளவு வெந்திருக்குன்னா உங்க தோல் இனி தாங்காது. மொட்டை மாடி வேலைய விட்ருங்க.”

“இந்த சீசன் மட்டுமா டாக்டர்?”

“மொத்தமா.”

மச்சான் டப்பாவைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். “எனக்கு வேற வேலை தெரியாதுங்க” என்றான். யாரிடமும் இல்லை, டப்பாவிடம் சொல்கிற மாதிரி. டாக்டரம்மா சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

“டாக்டர்,” என்றேன் நான், “இதுல ஒரு சின்ன தமாஷ் நடந்துபோச்சு.”

பேனா நின்றது. “தமாஷா?”

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். என் முகத்துக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது. களிம்பை நிரப்பியது, ஆளுக்காகக் காத்திருந்தது, பதினோரு மணிக்கு “இருக்கும்” என்றது, குழாயடியில் அவன் கை கழுவும்போது மாற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர, சிரிப்பு எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. முடிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“என்ன களிம்பு?”

பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். டாக்டரம்மா படித்துப் பார்த்தார்.

“இது குதிகாலுக்குப் போடறது.”

“ஆமாங்க.”

“இதப் பூசிக்கிட்டு இவரு மூணு மணி நேரத்துக்கு மேல வெயில்ல நின்னிருக்காரு. நீங்க எங்க இருந்தீங்க?”

“நிழல்ல.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு எழுந்திருப்பேன். எழுதிய வரியை அடித்துவிட்டு மச்சான் பக்கம் திரும்பினார். “அப்போ மருந்து மேல தப்பில்ல, உங்க தோல் மேலயும் தப்பில்ல. முழுசா ஆறட்டும். அப்புறம் காலைல மட்டும், இதே க்ரீமப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போங்க. ரெண்டாவது கோட்டா இருந்தா கழுத்தச் சுத்தி ஒரு பருத்தித் துணியும் கட்டிக்கணும்.” பிறகு என்னைப் பார்க்காமலே, “நீங்க வெளில இருங்க” என்றார்.

வெளியே சுவரோரம் ஒரு முழம் அகலத்துக்கு நிழல். அதில் நிற்கக் கால் வரவில்லை. வண்டிப் பக்கம் போய் வெயிலிலேயே நின்றேன். யாரும் கைதட்டவில்லை.

அவன் வந்தான். சீட்டை மடித்துப் பையில் வைத்தான்.

“மாப்ள, செவுள்ல ஒண்ணு குடுத்துடு. ரெண்டு பேருக்கும் நல்லது.”

“பரவால்ல மாமா.”

“கோபமா?”

“இல்ல மாமா. வண்டிய எடுங்க.”

“அக்காகிட்ட…”

“நான் சொல்ல மாட்டேன்.”

“இல்லப்பா. நானே சொல்றேன். இன்னைக்கே.”

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலும் பரவாயில்லை ரகம்தான். மூன்று வருஷமாக எனக்குச் சிரித்த அதே சிரிப்பு லேசாக உதட்டில் வந்தது.

“சிரிக்காத” என்றேன். “எனக்காகச் சிரிக்காத. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆறினதுக்கு அப்புறம் என்கூட வேலைக்கு வருவியா, மாட்டியா?”

சிரிப்பு போயிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை அப்படி வெறுமையாக நான் பார்த்ததில்லை.

“மாட்டேன் மாமா” என்றான். “வீட்டுக்கு வருவேன், போவேன். உங்களோட உக்காந்து சாப்பிடுவேன். அதெல்லாம் மாறாது. வேலைக்கு வேற ஆள் கூடப் போய்க்கிறேன். தொட்டி மேல ஏணி வச்சு ஏறும்போது நீங்கதான் கீழ பிடிப்பீங்க. இதுவரைக்கும் ஒரு நாளும் நான் குனிஞ்சு பார்த்ததில்ல. இனிமே ஒவ்வொரு படிக்கும் பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கிட்டே ஏறினா விழுந்துடுவேன்.”