வரிசையில் ஒருத்தி நின்றாள்

1

இந்தக் கதை எனக்குப் பஸ் சன்னலில் கிடைத்தது. ஆற்றில் பெருவெள்ளம் வந்துபோனதற்கு மறு வருஷம். சேரன்மகாதேவியில் மாடுகளுக்கு வழிவிட்டு வண்டி நின்றபோது, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாகப் பிள்ளைகள் வெயிலில் முட்டி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு சிறுமி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். எதிரே கம்போடு ஒரு டீச்சர். வண்டி கிளம்பிவிட்டது. நான் கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு சாட்சி எங்கே என்று என்னைப் பிடித்துக் கேட்கக் கூடாது, என் கண்ணுகளா.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒழுக்கம் என்பது

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்குகிறவர் கையில் எப்படியும் ஒரு கம்பு இருக்கும்.)

பிறகு இப்படி: "சுகிர்தா பிடிவாதக்காரி." (இதுவும் போகட்டும். தலைமையாசிரியர் சொல்ல வேண்டியதை நான் ஏன் சொல்ல?)

கோமு டீச்சருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இது நிற்கட்டும். இதிலிருந்துதான் கதை நடக்கிறது. வேலை நிலைக்காதவளுக்கு வகுப்பு சத்தம் போட்டால் கண் தலைமையாசிரியர் பக்கம் ஓடும். அன்றைக்கு நாலாம் வகுப்பில் மூன்றாவது வரிசை பேசிச் சிரித்தது. வரிசை முழுவதையும் மைதானத்துக்கு அழைத்துப்போய் முட்டி போடச் சொன்னாள். எல்லாரும் மடங்கினார்கள். புதிதாகச் சேர்ந்த சுகிர்தா மட்டும் நின்றாள். அவள் அப்பா நேசையா மின்வாரியத்தில் கிளார்க். நாசரேத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"ஏட்டி, ஒனக்குத் தனியா வெத்தலை பாக்கு வைக்கணுமா?"

"அடிங்க டீச்சர். வெயில்ல நிக்கச் சொல்லுங்க. முட்டி மட்டும் போடமாட்டேன்."

"ஏன், முட்டியில புண்ணா?"

"இல்ல டீச்சர். முட்டி போட்டா ஜெபம். ஆண்டவருக்கு மட்டுந்தான் போடுவோம்."

"பேசுனது நீதான?"

"ஆமா டீச்சர். நாந்தான் மொதல்ல பேசுனேன்."

கோமுவுக்குக் கோபம் வந்தது. அந்தப் பதிலால் அல்ல. பிள்ளை அழாமல் சொன்னாளே, அதனால். அழுதுகொண்டே சொல்லியிருந்தால் மன்னித்து அனுப்பியிருப்பாள். நம் ஊரில் மரியாதைக்குக் கொஞ்சம் கண்ணீர் கலந்திருக்க வேண்டும்.*

* "வேதக்காரர் பள்ளிக்கூடத்திலேயே முட்டி போடச் சொல்லுதாவளே" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வேதக்காரர் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவர்; அவர்கள் பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள்தான். நான் எல்லா வீட்டையும் எழுதவில்லை. நேசையா வீட்டை எழுதுகிறேன்.

3

"அப்ப தோப்புக்கரணம் போடு."

சுகிர்தா உடனே காதைப் பிடித்தாள். உட்கார்ந்து எழுந்தாள். அவளுக்கு அது வெறும் உடற்பயிற்சி. முட்டி போட்டிருந்த நாறும்பூநாதன் என்ற பயல் பதறிப்போய்க் கத்தினான்:

"டீச்சர், டீச்சர்! அது பிள்ளையாருக்குப் போடுததுல்லா! அவ வேதக்காரி, அவளைப் போயி போடச் சொல்லுதிய!"

வரிசை கொல்லென்று சிரித்தது. கோமு சிரிக்கவில்லை.

கோமுவின் சின்ன வயதில், வீட்டில் விளக்கு வைத்ததும் பிள்ளையார் முன்னால் அப்பா தோப்புக்கரணம் போடவைப்பார். வாய்ப்பாடு தப்பினாலும் அதே அப்பா, அதே தோப்புக்கரணம். எது பக்தி, எது தண்டனை என்று அவளுடைய கால்களுக்கு இதுவரை தெரிந்ததில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றியதில்லை. இந்தப் பொடிப்பிள்ளை இரண்டுக்கும் நடுவில் ஒரு கோட்டைக் கிழித்துவைத்துக்கொண்டு, அதன்மேல் ஏறி நிற்கிறாள்.

(இந்த இடத்தில் கோமு மனம் மாறிவிட்டாள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பொய். மனம் அத்தனை சீக்கிரம் மாறுவதில்லை. எடுத்துவிட்டேன். கம்பு மட்டும் கையில் கொஞ்சம் தாழ்ந்தது, அது இருக்கட்டும்.)

4

விஷயம் தலைமையாசிரியர் குமரகுருபரன் காதுக்குப் போனது. சாயங்காலம் நேசையாவை வரவழைத்தார். கோமுவும் ஓரமாக நின்றாள்.

"வே நேசையா, பிள்ளையை இப்படித்தான் வளத்திருக்கீரா?"

"சார், வகுப்புல பேசுனது தப்பு. தோலை உரிச்சிப் போடுங்க, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். முட்டி மட்டும் வேண்டாம் சார்."

"என்னவே கூத்தா இருக்கு! தோலை உரிக்கலாம், காலை மடக்கக் கூடாதாக்கும்?"

"ஆமா சார்."

(எழுதும்போது சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுபோனது. நேசையா, அந்தத் தோலும் அவளுடையதுதானய்யா. அதைத் தூக்கிக் கொடுக்க நீர் யார்? இதை உம் காதில் போட எனக்கு வழியில்லை. அதனால் அடைப்புக்குறிக்குள் கத்துகிறேன்.)

குமரகுருபரன் கெட்டவர் அல்ல. அவரும் முட்டி போட்டு வளர்ந்தவர்; அதனால்தான் தலைமையாசிரியர் ஆனோம் என்று நம்புகிறவர். "நாளைக்குக் காலையில பிரேயர்ல எல்லாரும் பாக்க முட்டி போடணும். இல்லன்னா டீசியை வாங்கிட்டுப் போரும்" என்றார். பிறகு பைய திரும்பினார்.

"கோமு டீச்சர், நீங்கதான் போட வைக்கணும். ஒரு சின்னப் பிள்ளையை அடக்கத் தெரியலைன்னா, ஒங்க வேலையைப் பத்தியும் நான் யோசிக்கணும்லா?"

5

இதுவரை எழுதியதைப் பக்கத்து வீட்டுச் சந்தனமாரிக்கு வாசித்துக் காட்டினேன்.

"மைனி, ஒரு நிமிசம் போட்டுட்டு எந்திச்சா முடிஞ்சிபோச்சு. படிப்பும் நிலைக்கும், அந்த டீச்சருக்கு வேலையும் நிலைக்கும். நாமல்லாம் போடலியா?"

"போட்டோம். என்னத்தைக் கத்துக்கிட்டோம்?"

சந்தனமாரி யோசித்தாள். "முட்டி வலிக்கும்னு கத்துக்கிட்டோம்" என்றாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள்: "அந்தப் பிள்ள முட்டி போடட்டும். போட்டுக் கண்ணை மூடி, சத்தமா, எட்மாஸ்டருக்காவ ஜெபம் பண்ணட்டும். அவரு மூஞ்சி எப்படி இருக்கும்!"

அருமையான முடிவு. எழுதியும் பார்த்தேன். கைதட்டு வாங்கும். ஆனாலும் கால் மடங்கித்தானே போகிறது? வேண்டாம்.

கோமுவே பிள்ளைக்குப் பதிலாக முட்டி போடுவதாக இன்னொன்று எழுதினேன். நீங்கள் அழுதிருப்பீர்கள். கிழித்தேன். யாராவது ஒருத்தர் மண்டியிட்டால்தான் காலை மணி அடிக்கும் என்றால், அந்த மணி அடிக்காமலே கிடக்கட்டும்.

6

காலை. வாழ்த்துப் பாடல் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் முழுக்க நிற்கிறது. வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நேசையா. குமரகுருபரன் தலையை அசைக்கிறார். சுகிர்தா வரிசையிலிருந்து முன்னால் வருகிறாள். கை கட்டியிருக்கிறாள், மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. கால் நேராக இருக்கிறது.

"ம், சொல்லுங்க கோமு டீச்சர்."

கோமு அவள் பக்கத்தில் போய் நிற்கிறாள். கம்பை எடுத்துவரவில்லை. கண் ஒருமுறை தலைமையாசிரியர் பக்கம் ஓடுகிறது. ஆனாலும் வாயைத் திறக்கிறாள்.

"சார், இந்தப் பிள்ளை

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. என் வண்டி அன்றைக்கே கிளம்பிவிட்டது. நீங்கள் முடியுங்கள், தங்கங்களே. பயந்து பேசுங்கள், கெஞ்சிப் பேசுங்கள், வேலை போகும்படி பேசுங்கள், எப்படியும் பேசுங்கள். ஒன்றே ஒன்று: நீங்கள் எந்த வார்த்தையைப் போட்டாலும் சுகிர்தா நின்றுகொண்டுதான் இருப்பாள். அவள் காலை மடக்கினால் அது உங்கள் கதை. அதில் என் பெயரைப் போடாதீர்கள்.