பிறைப் பள்ளக் காசின் ஜோடி

பிளாசா மயோர் சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை வளைவுகளுக்கடியில் நாணயக் கடை போடுகிறவர்களில் டை கட்டி வருபவர் ஃபெர்மீன் ஒருவர்தான். குறையில்லாத காசு விற்பதுதான் அவர் தொழில். வங்கியிலிருந்து காகிதச் சுருள்களில் வரும் புதுக் காசுகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்ப்பார். கீறலற்றவை அந்த வருடத்துத் தொகுப்பில் இடம்பிடிக்கும். கழித்தவை அவர் கால்சட்டைப் பைக்குப் போய், அங்கிருந்து சதுக்கத்தில் மேசை போட்டிருக்கும் நிக்கனோரின் காப்பிக்கடைக்குப் போய்விடும்.

அவருக்குப் பக்கத்துக் கடை கசில்டாவுடையது. அங்கே இருப்பதெல்லாம் நாணயச் சாலையில் தப்பாக அச்சானவை. பாதி முகம் விளிம்புக்கு வெளியே போன ராஜா, ஒரு பக்கம் வழுவழுவென்று வெறுமையாக நிற்கும் காசு, இரண்டு முறை அடி வாங்கிய எழுத்து. எதிரே தபால்தலை விற்கும் எனக்கு இந்த இருவரின் வாய்ச்சண்டைதான் வானொலி.

"குப்பையை வெல்வெட்டுல வெச்சா நகை ஆயிடுமா, கசில்டா?"

"உங்க காசுல பார்க்க என்ன இருக்கு? லட்சமும் ஒரே அச்சு, அவ்வளவுதான். என்னோடதை எடுத்துப் பாருங்க, தான் எப்படிப் பொறந்தேன்னு அதுவே சொல்லும்."

"குடிச்சிட்டு எவனோ எந்திரத்தை ஓட்டியிருக்கான்னு சொல்லும்."

அக்டோபரில் ஒரு ஞாயிறு. பையைத் துழாவிய ஃபெர்மீனுக்கு ஓர் ஐம்பது சென்ட் அகப்பட்டது. ஒரு பக்கத்தில் பிறை வடிவில் பள்ளம். அவர் அதை கசில்டாவின் துணிமேல் சுண்டிவிட்டார்.

"இந்தாங்க, உங்க அநாதை இல்லத்துக்கு இன்னொரு உருப்படி."

வழக்கமாக உடனே பதிலடி கொடுப்பார் கசில்டா. அன்றோ உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தவர் எடுக்கவேயில்லை.

"இதுக்கு ஜோடி இருக்கு" என்றார் கடைசியில். "அடி விழறப்ப இது மேல இன்னொரு தகடு பாதி ஏறி உட்கார்ந்திருக்கு. ரெண்டும் சேர்ந்து அடி வாங்கியிருக்கு. இந்தப் பள்ளத்துல பொருந்துற மாதிரி அதுல ஒரு மேடு இருக்கும். இத்தனை வருஷத்துல ஒத்தையா எத்தனையோ வாங்கியிருக்கேன். ஜோடியா ஒண்ணுகூடக் கிடைச்சதில்ல, ஃபெர்மீன். ஆசைப்பட்டது அது ஒண்ணுக்குத்தான். ஒரே சுருள்லதான் வந்திருக்கும். இன்னொண்ணு எங்க?"

ஃபெர்மீனின் முகம் வெளுத்தது.

"கோணலா ஒண்ணு இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை... காப்பி குடிச்சிட்டேன்."

"காப்பியா?"

"பால் காப்பி."

என் கடையைப் பக்கத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் நானும் ஓடினேன்.

நிக்கனோர் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அந்தக் கோணல் காசா? ஃபெர்மீன் ஐயா, அதை என் தலையில கட்டினது நீங்கதானா! சில்லறையா ஒருத்தருக்குக் கொடுத்தேன். சிகரெட் எந்திரம் துப்பிடுச்சுன்னு வந்து கத்தினாரு. அடுத்து ஒரு அம்மா. அவங்களுக்கு பார்க்கிங் எந்திரம் துப்பிடுச்சாம். போதும்டா சாமின்னு ஆடுற மேசைக்கு முட்டுக் கொடுத்துட்டேன்."

"எந்த மேசைக்கு?"

"வெளியில இருக்கறதுல ஏதோ ஒண்ணு. கல்தரையில எல்லாந்தான் ஆடுது, எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

ஃபெர்மீன் டையைத் தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு மண்டியிட்டார். முதல் மேசைக்கடியில் அவர் தலை நுழைந்ததும் மேலே உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பெண்மணி காலைத் தூக்கிக்கொண்டு அலறினாள்.

"எழுந்திருங்க ஃபெர்மீன், போலீஸ் வந்துடும்" என்றார் கசில்டா. "காசைத் தேடாதீங்க. ஆடாத மேசையைத் தேடுங்க."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு மேசையாக அழுத்திப் பார்த்தபடி நடந்தார் ஃபெர்மீன். பியர் தளும்பியது, ஆலிவ் காய்கள் உருண்டன, யாரோ திட்டினார்கள். ஓரத்து மேசை மட்டும் அசையவில்லை. அதில் இரண்டு இளைஞர்கள் கணவாய் மீன் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிகளா, தம்ளரைக் கையில பிடிச்சுக்குங்க."

ஃபெர்மீன் மேசையைத் தூக்கினார். நான் கையை விட்டு எடுத்தேன். அழுக்கேறி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற காசு. முதலில் வாங்கிப் பார்த்தவர் ஃபெர்மீன். மயிரிழைக் கீறலுக்கும் காசைக் கழிக்கிற கண் அது.

"இரும்புக்கால் கீறிடுச்சு" என்றார். "நல்லா ஆழமாவே கீறியிருக்கு. நான்தான் கெடுத்துட்டேன், கசில்டா. இனி எவனும் இதுக்கு நல்ல விலை தரமாட்டான்."

"விக்கறவளுக்குத்தானே விலை? இப்படிக் கொண்டாங்க."

பிறைப் பள்ளத்தின் மேல் அந்த மேட்டைக் கொண்டுவந்து கசில்டா லேசாகத் திருப்பினார். உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் புக இடமில்லை. அவர் சேர்த்தார், பிரித்தார், மறுபடி சேர்த்தார். இளைஞர்களில் ஒருவன் கை தட்டினான், எதற்கென்று தெரியாமலே.

கடைக்குத் திரும்பிய பிறகும் ஃபெர்மீனின் கண் தன் காசுகளின் மேல் நிற்கவில்லை.

"அந்த ஜோடியை ஒரு வாரம் கொடுங்களேன். வீட்ல வெச்சுப் பார்த்துட்டுத் தந்துடறேன்."

"உங்களை நம்பியா? ஒண்ணைக் காப்பியாக் குடிச்சாச்சு. இன்னொண்ணுல ரொட்டி வாங்கிடுவீங்க."

"கசில்டா..."

"பார்க்கணும்னா நாற்காலியை இந்தப் பக்கம் போட்டுக்கிட்டுப் பாருங்க."

ஃபெர்மீன் தன் கடையை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கசில்டாவின் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவர் கேட்காமலே கசில்டா விளக்கைச் சாய்த்துக் கொடுத்தார்.

வாடிக்கையாளர் ஒருவர் அந்தப் பக்கம் வந்து இந்த வருடத்துத் தொகுப்பு இருக்கிறதா என்று கேட்டார். ஃபெர்மீன் உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, வேலையா இருக்கேன்."