மேற்கு ஜன்னலில் காலை வெயில்

1

இந்தக் கதை ஒரு ஹார்ன் சத்தத்தில் ஆரம்பித்தது. அடித்தது நான்தான்.

நெய்வேலி நகரியத்தின் சுற்றுச்சுவரைத் தாண்டியதும் ஏழு மாடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருக்கிறது. (பெயர் வேண்டாம். நான் யோசித்த பெயர் எதுவும் அதற்கு ஒட்டவில்லை.) அதன் விளம்பரப் புத்தகத்தின் மாதிரிப் பிரதியைக் காட்டி, அதற்கு ஒரு பக்கக் கதை கேட்டார்கள். “சந்தோஷமா முடிங்க சார்” என்றார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்களில் முப்பது வருடமாக யாரையாவது கொன்று பிழைப்பவனிடம் கேட்கிற விஷயமா இது? சரி, இடத்தையாவது பார்ப்போம் என்று போனேன். காலை ஒன்பது மணி. கட்டடத்துக்கு எதிரே இருபத்திரண்டு ஷீட் வீடுகள், ஒரே வரிசையில். தெருவில் ஓர் ஆடு மறித்து நின்றது. ஹார்னை அழுத்தினேன்.

ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்து உதட்டில் விரல் வைத்தாள். பிறகு கேட்டைக் காட்டினாள். அதில் ஒரு பழைய ஹெல்மெட் தொங்கியது.*

* உள்ளே நைட் ஷிப்ட் பார்த்தவர் தூங்குகிறார் என்று பொருள். கேட்டில் ஹெல்மெட் தொங்கினால் மீன்காரர் கூவ மாட்டார், பிள்ளைகள் பந்து தட்ட மாட்டார்கள், அடுத்த வீட்டில் குக்கர் விசில் விடாது. எனக்கு யாரும் முன்பே சொல்லித்தரவில்லை.

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

‘அந்தக் கட்டடத்தில் ஒரு மர்மம்—’

மர்மம் ஒன்றுமில்லை. கோடு போட்டு அடித்தாயிற்று.

‘செங்குட்டுவன் சாகப்போகிறான் என்று அன்று காலை யாருக்கும்—’

கை தானாக எழுதிவிட்டது. அவனை விட்டுவிடுவோம், இப்போதைக்கு.

‘காலை ஏழரை மணி. மேற்கு ஜன்னல் வழியாகச் சூரியன் உள்ளே வந்தது.’

இது நிற்கும். திடுக்கென்றும் இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது. கட்டடத்தின் கிழக்கு முகம் முழுக்கக் கண்ணாடி. நான்காவது மாடி வரை பதித்துவிட்டார்கள். காலைச் சூரியன் அதில் பட்டுத் திரும்பி, எதிர்வரிசை வீடுகளின் மேற்கு ஜன்னல்களில் நேராக இறங்குகிறது. ஏழரையிலிருந்து பத்து மணி வரை. சுரங்கத்தில் இரவெல்லாம் வேலை பார்த்தவன் படுக்கிற நேரம் அதுதான்.

செங்குட்டுவன் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட் பக்கத்தில் வேலை. இரண்டு மாதமாகச் சரியான தூக்கமில்லை. போன வாரம் ஓடுகிற பெல்ட்டின் அருகே நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பினான். சூப்பர்வைசர் எச்சரித்துவிட்டார். இன்னொரு முறை தூங்கினால் கேட் பாஸ் பறிபோகும். பாஸ் பறிபோவதற்கு முன் வேறு என்னவெல்லாம் நடக்கலாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3

ஆனால் கதை அவனுடையதல்ல. ஆசிஃபாவுடையது.

ஆசிஃபாவுக்கு இருபத்தொன்பது வயது. பாண்டிச்சேரியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. இந்த ஏழு மாடியின் முகத்தை வரைந்தது அவள்தான். வியாழக்கிழமை காலையிலேயே வேலை நடக்கும் இடத்துக்கு வந்திருந்தாள். தகரக் கொட்டகையில் சைட் என்ஜினியர் சிவசங்கரோடு வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருந்தபோது மலர்கொடி உள்ளே வந்தாள். செங்குட்டுவனின் மனைவி. என் ஹார்னைக் கேட்டு உதட்டில் விரல் வைத்தவள். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் விளம்பரப் புத்தகத்தின் மாதிரி.

கண்ணாடி வெயிலில் புருஷனுக்குத் தூக்கம் போவதைச் சொன்னாள். சிவசங்கர் சிரித்தார்.

“ஒரு கர்ட்டன் மாட்டுனா முடிஞ்சுதேம்மா.”

“மாட்டனேங்க. பொடவய மடிச்சி மாட்டனேன், அட்டய வச்சி அடச்சேன். ஷீட்டு வூடு சார். காத்து வர்றதே அந்த ஒரு ஜன்னலுதான். அதயும் மூடுனா உள்ள படுத்துகினு இருக்கறவரு இட்லி கணக்கா வெந்துடுவாரு.”

“அப்ப எல்லாருக்கும் கூலிங் கிளாஸ் வாங்கிக் குடுத்துடலாமா மேடம்?”

“குடுங்க சார்,” என்றாள் மலர்கொடி. “பெல்ட்டுல வுழறப்ப ஸ்டைலா இருக்கும்.”

மலர்கொடி புத்தகத்தை ஆசிஃபாவின் முன் விரித்தாள். கட்டடமும் எதிர்த்தெருவும் சேர்ந்த படம்.

“இது எங்க வூட்டு கேட்டுதான மேடம்?”

“ஆமாங்க்கா.”

“இதுல மாட்டியிருந்தது எங்க?”

ஆசிஃபா ஹெல்மெட்டைப் பார்த்தாள். “நான்தான் எடுத்துட்டேன். கம்ப்யூட்டர்ல. படம் சுத்தமா இருக்கட்டும்னு.”

“ஓகோ.” மலர்கொடி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க எந்த ஊரு?”

“இங்கதான். டவுன்ஷிப். அத்தா மைன்ஸ்ல இருந்தாரு.”

“பர்மனென்ட்டா?”

“ம்.”

“நைட்டு ஷிப்ட்டு பாத்தாரா?”

ஆசிஃபா தலையாட்டினாள்.

“அப்ப உங்க கேட்டுல என்னாத்த மாட்டுவீங்க?”

மலர்கொடி புத்தகத்தை மூடினாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செங்குட்டுவன் ஷிப்ட் முடிந்து வரும் நேரம், அதைக் கேட்டில் மாட்ட வேண்டும்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கும் வந்திருக்கும். நைட் ஷிப்ட்காரரின் மகள், கேட்டில் ஹெல்மெட் தொங்கிய வீட்டில் சத்தம் போடாமல் வளர்ந்தவள், அதை ஒரு படத்திலிருந்து அழிப்பாளா? ஆசிஃபாவை வெளியூர்க்காரியாக மாற்றிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வேலை சுலபமாகியிருக்கும்.

பிறகுதான் இந்தக் கட்டடத்துக்காக ஆசிஃபாவின் அலுவலகம் நிரப்பிய படிவம் ஞாபகம் வந்தது. ஒரு கட்டடம் சுற்றுப்புறத்துக்குப் பொருந்துமா என்று பார்க்க உயரம் கேட்பார்கள், நிறம் கேட்பார்கள், நிழல் எவ்வளவு தூரம் விழும் என்று கேட்பார்கள். இவர்கள் அலுவலகப் படிவத்தில் இன்னொரு கட்டமும் உண்டு: ‘எதிர்க் கட்டடங்களின் பகல்நேரப் பயன்பாடு.’ சிவசங்கர் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தார். இருபத்திரண்டு கதவும் சாத்தியிருந்தன. ஒரு சத்தமில்லை. ‘பகலில் ஆளில்லை’ என்று எழுதினார். அவர் அந்த ஊர்க்காரர் அல்ல. அவரைக் குறை சொல்ல முடியாது.

கீழே கையெழுத்துப் போட்டவள் ஆசிஃபா.

சிவசங்கர் எடுத்த படங்களில் ஹெல்மெட்டுகள் இருந்தன. அவள் பார்த்தாள். பார்த்து, ஒவ்வொன்றாக அழித்தாள். பதினான்கு. (நல்லவர்கள் தெரியாமல் தப்பு செய்வார்கள் என்றுதான் என் தொடர்களில் எழுதிவந்திருக்கிறேன். தெரிந்த ஒன்றைக் கண்ணுக்கு உறுத்தாமல் ஒதுக்கிவைப்பதை எழுதியதில்லை. அது எனக்கு மிக அருகில் இருக்கிறது.)

அதனால் அவள் ஊரை நான் மாற்றவில்லை.

5

இரண்டு முடிவுகள் கைவசம் உண்டு.

அ) சனிக்கிழமை அதிகாலை. செங்குட்டுவன் பெல்ட்டின் அருகே— இல்லை. வேண்டாம். ஒரு பாராவில் முடித்துவிடுவேன். அழுதுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

ஆ) ஆசிஃபா மேலதிகாரியின் முன் படிவத்தைக் கிழித்தெறிகிறாள். மீதி மூன்று மாடிக்கும் கண்ணாடிக்குப் பதில் துளைபோட்ட சிமென்ட் ஜாலி. கீழ் மாடிகளில் கண்ணாடியை மறைத்துச் சன்ஷேடு. தெருவே கூடி நன்றி சொல்கிறது. விளம்பரப் புத்தகத்தில் அழகாகப் பொருந்தும். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு ஆசிஃபா மலர்கொடியின் வீட்டுக்குப் போனாள். செருப்பைத் தெருவிலேயே கழற்றினாள். கேட்டைத் தூக்கித் திறந்தாள், கிறீச்சிடாமல். அந்த வித்தை மறந்திருக்கவில்லை. மலர்கொடி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, வழி விட்டாள்.

உள்ளே செங்குட்டுவன் பாயில் படுத்திருந்தான். கண்ணின் மேல் ஈரத்துண்டு. ஏழரைக்கு வெளிச்சம் வந்தது. முதலில் சுவரில், பிறகு தலையணையில், பிறகு அவன் முகத்தில். அவள் வரைந்த கோடுகளின் அளவில், சதுரம் சதுரமாக. அவன் புரண்டான். துண்டு நழுவியது.

“மலரு, மணி என்னா?”

ஆசிஃபா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் நிழல் அவன் முகத்தை மூடியது.

கொஞ்ச நேரத்தில் மூச்சு நீண்டது. தூங்கிவிட்டான். வெளிச்சம் நகர நகர அவளும் கால் கட்டைவிரலளவு நகர்ந்தாள்.

எட்டே காலுக்கு வெளியே லாரி வந்து நின்றது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. சிவசங்கர் எழுதியிருந்தார்: ‘அஞ்சு, ஆறு, ஏழாவது மாடிக்குக் கண்ணாடி வந்துடுச்சு மேடம். இறக்கவா, வேணாமா?’

6

வேண்டாம் என்றால் ஏன் என்று எழுத்தில் கேட்பார்கள். படிவம் பொய், கையெழுத்து என்னுடையது என்று அவள் எழுத வேண்டும். வேலை போகும். உரிமமும் போகலாம். இறக்கு என்றால் இந்த அறைக்குள் இன்னும் மூன்று மாடி வெயில் வரும், அவள் இங்கே நிற்காத எல்லா நாளும்.

அவளுக்காக நான் பதில் எழுத மாட்டேன். படத்தில் ஹெல்மெட் இல்லாததைக் கவனிக்காமல் கதை எழுத ஒப்புக்கொண்டவன் நான். போனை உங்கள் கையில் தருகிறேன். ஒரு வார்த்தை போதும்.

எதுவானாலும், வாய்விட்டுச் சொல்லாதீர்கள். இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறான்.