நாயைப் பிடிங்க

மங்கோலியப் புல்வெளியில் குளிர்காலம் முடியப்போகும் நேரம்தான் ஆளைக் கொல்லும். வைக்கோல் தீர்ந்திருக்கும், ஆடுகள் குட்டி போடத் தொடங்கியிருக்கும், அப்போது பார்த்துப் பனிப்புயல் வந்து தொலைக்கும். அப்படியொரு புயலில், ஓடிப்போன குதிரைகளைத் தேடி என் புருஷன் சுல்தெம் கிளம்பினார். போகாதய்யா என்று கத்தினேன். அந்த மனுஷன் என்றைக்கு என் பேச்சைக் கேட்டார்?

மறுநாளும் திரும்பவில்லை. சுற்றுவட்டாரத்தில் வேறு கூடாரமே கிடையாது. இந்த மந்தையோடு ஒற்றை ஆளாக என்னால் பிழைக்க முடியாது. அவர் வந்தே ஆகவேண்டும்.

ஆனால் அழுதுகொண்டு உட்கார நேரமேது? ஒரு ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்திருந்தது. இன்னொரு குட்டிக்குத் தாய் இல்லை. தன் குட்டியின் வாடை என்று தாய் ஏமாறட்டும் என்று, செத்ததன் தோலை உரித்து அந்த அநாதைக்குப் போர்த்திக் கட்டி, ஆட்டையும் அதையும் கூடாரத்துக்குள் கொண்டுவந்தேன். தாய் மோந்து பார்த்துவிட்டு விலகியது. குட்டியை ஏற்கவைக்க நாங்கள் பாடும் பாட்டை, "தோய்க், தோய்க்" என்று அதன் காதருகே பாடினேன்.

பொழுது சாயும்போது வெளியே குரல் கேட்டது.

"நாயைப் பிடிங்க!"

அவர் குரல்தான். மனசு துள்ளியது, உடனே சுருக்கென்றது. தள்ளி நின்று அப்படிக் கூப்பிடுவது விருந்தாளிகள்தான். வீட்டுக்காரன் எதற்குக் கூப்பிட வேண்டும்? அவர் கையால் தின்று வளர்ந்த எங்கள் நாய் பாசர் வாலை இடுக்கிக்கொண்டு உறுமியது.

"யோவ், சொந்த வீட்டுக்கே விருந்தாளியா வர்றியா?"

"புயல்ல புத்தி கலங்கிடுச்சு, புள்ள."

அதே முகம், அதே ஓட்டைப் பல். கொதிக்கிற பால் தேநீரை ஊதாமல் ஒரே மூச்சில் குடித்தார். அடுப்பருகே உட்கார்ந்தும் ஆட்டுத்தோல் அங்கியைக் கழற்றவில்லை.

"கழட்டுய்யா, வேர்க்கும்."

"இன்னும் குளிருது."

பயணம் போய் வந்தவரைக் கன்னத்தில் மோந்து வரவேற்பது எங்கள் வழக்கம். குனிந்தேன். அங்கியில் அவருடைய புகையிலை நாற்றம் அடித்தது. கன்னத்தில் பனியின் வாசனை மட்டும். மனுஷ வாடையே இல்லை.

அந்த நேரம் ஆடு குட்டிக்கு மடி கொடுத்தது.

"ஏத்துக்கிச்சே!" என்றார். "தன் குட்டி இல்லன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நெனைக்கிறேன்." ஆட்டின் முதுகைத் தடவினேன். "மடி கனக்குதே, என்ன பண்ணும்?"

"கொஞ்ச நாள்ல தோலை எடுத்துடலாம்." அவர் என்னையே பார்த்தார். "அதுக்குள்ள பழகிடும்."

வெளியே பாசர் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. புயல் மறுபடி கூடாரத்தை உலுக்கியது. அடுப்பில் வறட்டி குறைந்திருந்தது. அவர் எழுந்து, நான் சொல்லாமலே இரண்டை எடுத்துப் போட்டார்.

நான் வெளியே போய் நாயைப் பிடித்துக் கட்டினேன்.