வெறும் கையால் எடுத்த தண்ணீர்

எங்கள் ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் அவளுக்குக் ‘கையுறை’ என்று பெயர் வைத்ததே நான்தான். கடல்நீரை வடிகட்டி, மீன்கள் அதில் உதிர்த்துவிட்டுப் போன டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, எந்தெந்த மீன் அந்தப் பக்கம் திரிகிறது என்று மீன்வளத் துறைக்குச் சொல்வது எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு பாட்டிலுக்கும் அவள் புதுக் கையுறை மாட்டுவாள். கீழே விழுந்த பேனாவை எடுத்தால்கூட உடனே இன்னொரு ஜோடி. “கல்யாணத்துக்கும் இதைத்தான் மாட்டிக்கப்போறே” என்று வாரியிருக்கிறேன்.

அவள் தம்பி கடலில் காணாமல் போனான். படகு மட்டும் கவிழ்ந்து கிடைத்தது. எங்கேயாவது கரையேறியிருப்பான் என்று அவள் அம்மா பிடிவாதமாக இருந்தார். வீட்டில் யாரையும் அழவிடவில்லை. கடைசியில் மகளிடம் கேட்டாராம்: “தண்ணியை வெச்சே மீனைக் கண்டுபிடிக்கிறீங்களே, எம்புள்ள அங்க இருக்கானான்னு பாத்துச் சொல்லு. இல்லேன்னா காத்திருக்கேன். இருந்தா அழுதுட்டுப் போறேன்.”

எங்கள் தண்ணீரில் மனித டி.என்.ஏ. வந்தால், எங்கள் கை பட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுவோம். இந்த முறை அதைத்தான் தேட வேண்டும். “படகு கிடைச்ச இடத்துக்கு நான் போய்த் தண்ணி எடுத்துட்டு வரேன், நீ இரு” என்றேன். “என் தம்பி, நான்தான் போவேன்” என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அவள் எடுத்து வந்த தண்ணீரில் இருந்த டி.என்.ஏ., ஒப்பிடுவதற்காக அம்மாவிடம் வாங்கியிருந்த உமிழ்நீரோடு அச்சு அசலாகப் பொருந்தியது. நான் திரையைப் பார்ப்பதற்குள் அவள் அம்மாவை வரச்சொல்லிவிட்டாள். அது அவளுடையதாகவும் இருக்கலாமே என்று எனக்குத் தட்டியது. தாய்வழியாக வரும் அந்த டி.என்.ஏ. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்றேதான். ஆணா பெண்ணா என்று பார்க்கும் அளவுக்கு அதில் சரக்கும் இல்லை. சரிபார்ப்பதற்காகப் படகில் கூடவே கொண்டுபோகும் சுத்தநீர் பாட்டிலையும் சோதித்தேன். கடலே படாத அந்த நீரிலும் அதேதான் இருந்தது.

“கையுறை போட்டிருந்தேல்ல?”

“கழட்டிட்டேன். தண்ணியைத் தொட்டுப் பாக்கணும்போல இருந்துச்சு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தொண்டைவரை வந்த திட்டை, அவள் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

அம்மா வந்து ஃப்ரிட்ஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான்தான் சொன்னேன்.

“தண்ணி எடுக்கும்போது இவ கை பட்டுடுச்சும்மா. இது அவனோடதா இவளோடதான்னு இனிமே சொல்ல முடியாது.”

“மறுபடி எடுத்தா?”

“கடல்ல அது கொஞ்ச நாள்தாம்மா தங்கும். இப்ப போனா ஒண்ணும் கிடைக்காது.”

மகளைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுகூட நினைத்தேன். அவரோ அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“தொட்டியே, தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சா?”

“ஆமாம்மா.”

“அவனுக்குக் குளிர் ஆகாதேடி” என்று சொல்லி, அந்த அம்மா உடைந்து அழுதார்.