சேமிக்காத எண்கள்

மருந்துப் புட்டிகளுக்கு அட்டைப்பெட்டி அடிக்கும் அந்தக் கம்பெனியில் நூற்று நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் நூற்று நாற்பது பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஆள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்கு தேய்ந்துபோகும் என்பதுபோல எல்லோரும் அவளை ‘சிஸ்டம் மேடம்’ என்றே கூப்பிட்டார்கள்.

கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பதுதான் வேலை என்று வேலை உத்தரவில் போட்டிருந்தது. சுத்தப் பொய். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதுதான் அவள் வேலை. ஒரு தடவை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டாதீர்கள். பரிசு விழுந்திருக்கிறது என்று வருகிற லிங்க்கைத் தொட்டுத் தொலைக்காதீர்கள். அப்டேட் கேட்டால் ஆறு மாதமாக ‘பிறகு’ என்று தள்ளாதீர்கள். எல்லோரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். மறுநாளே வந்து அதே கோளாறோடு நிற்பார்கள். போன வாரம் விற்பனை மேனேஜர், பிரிண்டர் செத்துப்போச்சு என்று அவளை மூன்று மாடி ஏற வைத்தார். போய்ப் பார்த்தால் பிளக் தரையில் கிடந்தது. அவர் அதற்கு வெட்கப்படக்கூட இல்லை.

கம்பெனி கம்ப்யூட்டரோடு விட்டாலும் பரவாயில்லை. அவரவர் சொந்தப் போனையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும், யாருக்காவது மூக்கில் வியர்த்துவிடும். நான் என்ன பொது ஆஸ்பத்திரியா நடத்துகிறேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சரிசெய்து கொடுப்பாள். திட்டும் குறையாது, வருகிறவர்களும் குறைய மாட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை, கழுத்தறுப்பு வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அடையாள அட்டையைக் காணாமல் கைப்பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். கணவன் கையில் போனோடு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“இந்தப் போன ஒரு தடவ பாரேன். கால் ஒழுங்கா வருதான்னு சந்தேகமா இருக்கு.”

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருட சர்வீஸ். கம்பெனி கைமாறியபோது ஆள் குறைப்பில் அவனையும் அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதமாக வீட்டில்தான் இருந்தான். அன்றிலிருந்து போன் அவனுக்கு ஆறாவது விரல். குளிக்கப் போனாலும் சோப்பு வைக்கிற மாடத்தில் அதை வைத்துக்கொண்டுதான் குளித்தான்.

போனைப் பார்க்கச் சொல்லி அவன் கேட்பது இது மூன்றாம் தடவை. முதல் இரண்டு தடவையும் அவள் தன் போனிலிருந்து அவனுக்குக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாள். கணீரென்று அடித்தது. இப்போதும் வாயைத் திறக்காமல் தன் போனை எடுத்து அவன் பேரை அழுத்தினாள். அவன் கையிலிருந்த போன் அவளுடைய படத்தைக் காட்டிக்கொண்டு அடித்தது.

“கேட்டுச்சா? போன்ல ஒண்ணும் இல்ல. கூப்பிடணும்னு நெனைக்கிறவங்க கூப்பிட்டா தானா வரும்.”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் சுருக்கென்றது. ஆனால் அடையாள அட்டை கிடைத்துவிட்டது, பஸ்ஸும் வந்துகொண்டிருந்தது. அவன் “சரி” என்று சொல்லிவிட்டு, அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனான்.

அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு அழைப்பை. ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைக்கு ஓடுகிற மோட்டார் ஒன்றின் முன்னால் நிறுத்தி என்ன கோளாறு என்று கேட்டார்களாம். மூடியைத் திறக்காமலே சொல்லிவிட்டானாம். வீட்டுக்கு வந்ததும் அதை அவளிடம் இரண்டு தடவை சொன்னான். ‘போன்லதான் சொல்லுவோம், நீங்க கூப்பிட வேண்டாம்’ என்று அனுப்பியிருந்தார்கள். பிறகு, கிணற்றில் போட்ட கல்தான்.

அவளும் முதலில் எதிர்பார்த்தாள். நாள் போகப் போக, நாற்பத்தாறு வயதில் யார் எடுப்பார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. அவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பான் என்றும் நினைத்தாள். நினைத்ததை வாயால் சொல்லவில்லை. சோற்றைப் பரிமாறுகிற விதத்தில், வேறு வேலை விளம்பரங்களை அவனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததில், அது தெரியத்தான் செய்தது.

மத்தியானம் கோடவுனிலிருந்து ஆள் வந்தது. ஸ்டோர்கீப்பர் அவசரமாகக் கூப்பிடுகிறாராம். பசை நாற்றத்தையும் ஆளுயரக் காகித உருளைகளையும் தாண்டிப் போனால், மனுஷன் மேஜைமேல் தன் சொந்தப் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் வரவில்லை என்றார். காலையில் ஒன்று, இப்போது ஒன்றா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் போனை எடுத்து அவருக்குக் கூப்பிட்டாள். மேஜை அதிர அடித்தது.

“வருதே சார்.”

“நீங்க கூப்பிட்டா வரும் மேடம். உங்க நம்பரத்தான் பேர் போட்டு வச்சிருக்கேனே. லாரிக்காரங்க கூப்பிட்டாத்தான் வர மாட்டேங்குது.”

தினமும் வேறு வேறு டிரைவர். யாருடைய எண்ணும் அவரிடம் இருக்காது. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டால் பிஸி என்று வருகிறதாம். இவரோ சும்மா உட்கார்ந்திருக்கிறார். முந்தின நாள் ஒரு டிரைவர் இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு லோடோடு திரும்பிப் போய்விட்டான். மேனேஜர் இவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இதையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் போனுக்குள் போயிருந்தாள். அழைப்பு அமைப்புகள், அதில் தடுப்பு, அதற்குள் ‘தொடர்புகளில் இல்லாத எண்களைத் தடு’. பக்கத்தில் பொத்தான் பச்சையாக இருந்தது. கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

யார் இதைப் போட்டது என்று கேட்டாள். மச்சான் என்றார். விளம்பரக்காரர்கள் உயிரை வாங்குகிறார்கள் என்று இவர் புலம்பியபோது, மச்சான்தான் போனை வாங்கி ஏதோ செய்து கொடுத்தானாம்.

சிஸ்டம் மேடத்துக்கு நாக்கில் சனி புகுந்துகொண்டது. “தெரிஞ்ச மாதிரி பண்றவங்க கையில போனக் குடுக்காதீங்க சார். இதப் போட்டா விளம்பரம் மட்டுமா நிக்கும்? உங்ககிட்ட பேர் இல்லாத எந்த நம்பரும் உள்ள வராது. அவங்களுக்கு பிஸின்னு கேக்கும், உங்களுக்கு மணியே அடிக்காது. சும்மா தெரிஞ்சவங்கள விட்டு அடிச்சுப் பாத்தா, நல்லாத்தான் இருக்குன்னு…”

காலையில் தன் போனிலிருந்து கணவனுக்கு அடித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது.

வேலை போன புதிதில் அவன் வேலை தேடித் தரும் ஏழெட்டுத் தளங்களில் தன் எண்ணைப் பதிந்துவைத்தான். மறுவாரமே விளம்பரக்காரர்கள் படையெடுத்துவிட்டார்கள். மனை வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா, முழங்கால் வலிக்கு எண்ணெய் வேண்டுமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மண்டை பிளக்கும் தலைவலி. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பொறுக்க மாட்டாமல் அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி, இரண்டு மூன்று தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்தாள். ‘இனிமே தொல்ல இல்ல’ என்றாள். அவன் என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. அவள் செய்தால் சரியாக இருக்கும் என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவளும் அதை அன்றே மறந்துவிட்டாள்.

ஸ்டோர்கீப்பர் “என்னாச்சு மேடம்?” என்றார். ஒன்றுமில்லை என்று பொத்தானை அணைத்துக் கொடுத்துவிட்டு, நேராகப் போய் அரை நாள் லீவு எழுதினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எரிச்சல் முழுக்க இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், அவன் போனில் பேர் இல்லாத ஒரு எண்ணிலிருந்து கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? மூன்று தடவை கேட்டானே. ஒரு தடவையாவது போனைக் கையில் வாங்கினாளா? இப்படி நொந்துகொண்டே வரும்போது, கூடவே இன்னொரு யோசனையும் மெல்லத் தலைகாட்டியது. பேசாமல் அந்தப் பொத்தானை அணைத்துவிட்டால் போதும். தடுத்த அழைப்புகளின் பட்டியலை அழித்துவிட்டால் தீர்ந்தது. நாளையிலிருந்து அழைப்புகள் வரும். ஏதோ சரியாகிவிட்டது என்று அவன் இருந்துவிடுவான். வீட்டு வாசல் வரைக்கும் அந்த யோசனை அவளோடு வந்தது.

அவன் நாற்காலிமேல் ஏறி, ஈரத்துணியால் மின்விசிறி இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். போன் மேஜையில், திரை மேலே பார்த்தபடி கிடந்தது. என்ன சீக்கிரம் என்று கேட்டான். அவள் போனைப் பார்க்க வேண்டும் என்றாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

தடுத்த அழைப்புகள் அறுபத்துமூன்று. பெரும்பாலும் விளம்பரக் குப்பை. விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அந்த எண் நடுவில் இருந்தது. நேர்காணல் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்ததால் அவளுக்கு மனப்பாடமான எண். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐந்துக்கு, அன்றே மத்தியானம், புதன் காலை, வியாழன் மாலை நாலேகாலுக்கு என்று நான்கு தடவை கூப்பிட்டிருந்தார்கள். நேர்காணல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

பட்டியலுக்குக் கீழே ‘அனைத்தையும் அழி’ என்று இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் கொண்டுபோனாள்.

“ஏதாவது தெரியுதா?” என்று நாற்காலிமேல் இருந்தபடியே அவன் கேட்டான். டாக்டரைக் கேட்பதுபோல அவ்வளவு பணிவாகக் கேட்டான். அந்தப் பணிவு அவளைக் கொன்றது.

கீழே இறங்கச் சொன்னாள். போனை அவன் கையில் கொடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்று தடவை அடித்துக் காட்டியதெல்லாம் வெறும் கண்துடைப்பு, தன் எண் அதில் இருப்பதால் அது அடிக்காமல் போகவே போகாது என்பதையும் சொன்னாள். அவன் நான்கு வரிகளையும் தேதியோடு படித்தான். கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தித் தொலைத்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

“திங்கட்கிழமை அங்க நேர்லயே போனேன்,” என்றான். “உங்கிட்ட சொல்லல. ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு. நாலு தடவ கூப்பிட்டோம், பிஸின்னே வந்துச்சு, அடுத்த ஆள எடுத்துட்டோம்னு சொல்லுச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. பொய் சொல்லாதம்மான்னு சத்தம் போட்டேன். பத்து பேர் உக்காந்திருந்தாங்க. என் வீட்டுக்காரி கம்ப்யூட்டர் வேலைல இருக்கா, அவளே ரெண்டு தடவ பாத்துட்டா, அவ பாத்துச் சொன்னா தப்பா இருக்காதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்தேன்.”

அவன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாற்பத்தாறு வயதில் யார் எடுப்பார்கள் என்று இவள் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், அவன் இவள் பேச்சை நம்பி ஊரான் ஆபீசில் போய்ச் சண்டை போட்டிருக்கிறான். அவமானத்தில் காது இரண்டும் சுட்டன.

போனை அவன் கையிலிருந்து வாங்கி அந்த எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் குரல் எடுத்தது. திங்கட்கிழமை வந்து சத்தம் போட்டாரே, அவருடைய மனைவி பேசுகிறேன் என்றாள். எடுத்தது அதே பெண்தான்.

“அந்த எடத்துக்கு ஆள் வந்து சேந்துட்டாங்கம்மா.”

“தெரியும்மா. வேலை கேட்டுப் பேசல. அன்னைக்கு அவர் உங்கள பொய் சொல்றீங்கன்னு சொல்லிட்டாரு. நீங்க பொய் சொல்லல. நாலு தடவ கூப்பிட்டது இங்க அப்படியே இருக்கு. அவர் மேலயும் தப்பு இல்ல, அவருக்கு மணியே அடிக்கல. போன்ல அத மாத்தி வச்சது நான். நல்லா இருக்குன்னு சொன்னதும் நான்தான்.”

“நாலு இல்லம்மா,” என்றது அந்தக் குரல். “அஞ்சு.”

அவளுக்குப் புரியவில்லை.

“எங்க ஆபீஸ் லைன்லதான் கோளாறோன்னு நெனச்சு, அந்த வியாழக்கிழமை வீட்டுக்குப் போறப்போ பஸ்ல இருந்து என் போன்லயும் ஒரு தடவ போட்டுப் பாத்தேன். வந்தவங்கள்லயே அவருக்குத்தான் மார்க் அதிகம் போட்டிருந்தாங்க. போன் எடுக்கலங்கறதுக்காக ஒருத்தருக்கு வேலை போகணுமான்னு மனசு கேக்கல.”

பட்டியலை மறுபடி திறந்தாள். வியாழன் மாலை ஆறு முப்பத்தைந்து. ஒரு மனை விளம்பரத்துக்கும் இன்னொரு மனை விளம்பரத்துக்கும் நடுவில் பேரில்லாத ஒரு செல்போன் எண். அதையும் குப்பை என்றுதான் சற்றுமுன் தள்ளிவிட்டுப் போயிருந்தாள். விரலை அதன்மேல் வைத்து அவனிடம் காட்டினாள்.

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான். அவள் போனைக் கொடுத்தாள்.

“நான்தாம்மா பேசறேன்,” என்றான். “அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

சொல்லிவிட்டு, போனைக் காதோடு வைத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து அறைக்குப் போனான்.