முதலமைச்சர் மக்ரூடர்

கார்மேகத்துக்குத் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஷார்ஜா தொழில்பேட்டையில், டயர் கடைக்கும் தண்ணீர் டேங்க் கம்பெனிக்கும் நடுவே இருந்த டி-சர்ட் அச்சிடும் ஃபாக்டரியில் அவன் செக்கர். அவன் கையெழுத்துப் போடாமல் எந்த எழுத்தும் எவர் நெஞ்சிலும் ஏறாது. போன வருடம் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாச் சட்டையில் கோப்பை தலைகீழாக அச்சானதைக் கவனிக்காமல் விட்டான். அந்த வருட லீவும் கோப்பையோடு கவிழ்ந்தது.

இந்த வருடம் லீவு கிடைத்தே ஆகவேண்டும். முதுகுளத்தூர்ப் பக்கம் அவன் ஊரில், மனைவி பஞ்சவர்ணம் வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கிறாள். மொத்தமே முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு. அதில் ஒன்று இங்கே கட்டிங் மேஜை ஓரமாக நின்று காலர் பார்த்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வாக்குப்பதிவு. புதன்கிழமை அமெரிக்க ஆர்டர் கண்டெய்னரில் ஏறினால் மறுநாளே கிளம்பலாம் என்று மேனேஜர் கௌஸ் முகைதீன் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த கையோடு தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் கீழக்கரை போனார். போன நேரம் இங்கே வளைகுடாவில் போர் மூண்டு விமானம் நின்றுவிட்டது.

போர் வந்தபின் ஃபாக்டரியில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. எல்லாருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் அலறும். எல்லாரும் மேஜைக்கு அடியில் போய் உட்காருவார்கள். வானத்தில் எங்கோ டமார் என்று கேட்கும். பிறகு வந்து விட்ட இடத்திலிருந்து அச்சடிப்பார்கள். மேஜைக்கு அடியில் இருந்த நேரம் டீ பிரேக்கில் கழிக்கப்பட்டது.

ஆர்டர் பன்னிரண்டாயிரம் சட்டை. அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில் மக்ரூடர் என்கிற அம்மாள் தேர்தலில் நிற்கிறார். சட்டை முதுகில், 'போர்க்காலத்தில் ஓர் உறுதியான கரம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. குண்டு விழுவது இங்கே, உறுதியான கரம் தேவைப்படுவது அங்கே. அதில் கார்மேகம் தப்பு எதுவும் காணவில்லை. நெஞ்சுப்பக்கம்தான் இடித்தது. 'மக்ரூடரைக் கவர்னராகத் தேர்ந்தெடுப்பீர்' என்று இருந்தது.

கார்மேகம் மூன்று முறை படித்தான். கவர்னர் என்பவர் டெல்லியிலிருந்து அனுப்பப்படுகிறவர். வருவார், பெரிய பங்களாவில் இருப்பார், பட்டம் கொடுப்பார், ஒருநாள் போய்விடுவார். அவருக்காக யாரும் வெயிலில் வரிசையில் நின்றதாக அவனுக்கு நினைவில்லை. இது எவனோ டைப் அடித்தவன் தூக்கத்தில் செய்த வேலை.

அச்சு மிஷின்காரன் நேசையனைக் கூப்பிட்டுக் காட்டினான். குளச்சல்காரனான நேசையன் தேர்தல் நேரத்தில் செய்தி தவறாமல் பார்க்கிறவன்.

"கவர்னருக்கு யாருண்ணே ஓட்டுப் போடுவாவ?" என்றான் நேசையன். "இது சி.எம்.முன்னு இருக்கணும்."

இரண்டு தமிழர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனால் அதற்குமேல் விசாரணை வேண்டியதில்லை. இருந்தாலும் கார்மேகம் முறைப்படி நடந்தான். 'ப்ரூஃபில் ஒரு தப்பு. திருத்திவிட்டேன்' என்று மேனேஜருக்குச் செய்தி அனுப்பினான். சென்னை விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்திருந்த கௌஸ் முகைதீன் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். 'சீஃப் மினிஸ்டர்' நீளமான சொல் என்பதால் எழுத்தைக் கொஞ்சம் சுருக்கவேண்டியிருந்தது. அழகாகவே வந்தது.

ஒன்பதாயிரம் அடித்து முடித்த செவ்வாய்க்கிழமை, கௌஸ் முகைதீன் எப்படியோ மஸ்கட்டில் இறங்கிப் பஸ் ஏறி வந்து சேர்ந்தார். ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார்.

"கார்மேகம், அமெரிக்காவுல கவர்னரை ஜனங்கதான் ஓட்டுப்போட்டு எடுப்பாங்க."

"கவர்னரையா பாய்?"

"கவர்னரையேதான்."

"அப்ப சி.எம்.மை யாரு பாய் அனுப்புவா?"

கௌஸ் முகைதீன் அச்சு ஸ்கிரீனைக் கழுவி முதலிலிருந்து அடிக்கச் சொன்னார். வெள்ளிக்குள் ஏதாவது செய்து முடிக்கலாம் என்று கார்மேகம் சாப்பாட்டு நேரத்திலும் நின்றான். புதனும் வியாழனும் கைபேசி நாலுதரம் அலறியது. நாலுதரமும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து சனிக்கிழமைக்கு எத்தனை மணிநேரம் இருக்கிறது என்று விரல்விட்டான். கண்டெய்னர் கிளம்பியபோது சனிக்கிழமை காலை பத்து மணி. முதுகுளத்தூரில் பதினொன்றரை. ஓட்டுப்பதிவு நன்றாகச் சூடுபிடித்திருக்கும்.

ஒன்பதாயிரம் சட்டையையும் தொழிலாளர் கேம்புகளுக்குத் தானமாகக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் தொழில்பேட்டையில் பாதிப்பேர் மக்ரூடர் அம்மாளை முதலமைச்சராக்கச் சொல்லி டயர் உருட்டினார்கள். பாகிஸ்தான் பட்டான் லாரி டிரைவர்கள்கூட அவர் பக்கம் நின்றார்கள்.

ஓட்டு எண்ணிய அன்று பஞ்சவர்ணம் போன் செய்தாள். அவளுக்கும் எதிரிக்கும் சமமாக நூற்றுப் பதினெட்டு. சீட்டெழுதிப் பானையில் போட்டு, தேர்தல் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாராம். பஞ்சவர்ணத்தின் பெயர் வந்தது. ஆக, ஜனங்கள் முடிவு செய்யாததை மேலேயிருந்து வந்த ஓர் அதிகாரியின் கை முடிவு செய்திருக்கிறது. கார்மேகத்துக்கு அது பழகிய முறையாகவே பட்டது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. தான் ஒருத்தன் வந்திருந்தால் பானையே தேவைப்பட்டிருக்காதே, இப்படி ஒரு கவர்னரால் கெட்டதே என்று நொந்துகொண்டான்.

பஞ்சவர்ணம் இடைமறித்தாள்.

"ஒங்க பேரு லிஸ்ட்டுலயே இல்லைங்க. ஊருல இல்லாத ஆளுன்னு போன திருத்தத்துலயே அடிச்சுட்டாக."

"இதை எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மனுத்தாக்கல் அன்னைக்கே."

"பெறகு ஏன் வா வான்னு சொன்ன?"

"ஓட்டு இல்லைன்னு சொன்னா வரமாட்டீகள்ல. மூணு வருசம் ஆச்சு."

கார்மேகம் தன்மேல் இருந்த மக்ரூடர் சட்டையைக் குனிந்து பார்த்தான். ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதைப் பிய்த்தான். வியாழக்கிழமை ஃபிளைட் ஓடுகிறதாம், டிக்கெட் போட்டுவிடுகிறேன் என்றான். பதவியேற்புக்கு எல்லாரும் ஒரேமாதிரி போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமா என்று கேட்டான்.

நாற்பது கொண்டுவரச் சொன்னாள்.